வேனிற்காலப் பாரதக் கூத்தும் ஊர் வாழ்வும்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துப் போற்றுவது நம்மவர் மரபு. இவற்றுள் நாடகத் தமிழுக்கு இருந்தனவாகப் பண்டை உரையாசிரியர்கள் குறிக்கும் நூல்களுட் பல இன்று பெயரளவில் நிற்கின்றன. நூல்கள் மறைந்தமையால் நாடகத் தமிழே மறைந்தது என்று இரங்குவாரும் உளர். ஆயினும் ஏட்டில் மறைந்தது ஊர்ப்புறத்து மண்ணில் முற்றும் மறைந்துவிடவில்லை. தொண்டை நாட்டிலும் நடுநாட்டிலும், அஃதாவது இன்றைய காஞ்சிபுரம், திருவண்ணாமலை, வேலூர், விழுப்புரம், கடலூர் மாவட்டங்களிலும் அவற்றை அடுத்த தருமபுரி, சேலம் பகுதிகளிலும், வேனிற்காலந்தோறும் ஆடப்பெறும் பாரதக் கூத்தே அதற்குச் சான்று.

இக்கூத்தைப் பொழுதுபோக்கு என்று சிலர் ஒதுக்கினர். கலை என்று சிலர் பாராட்டினர். இரண்டும் முழுமையான மதிப்பீடு ஆகா. எழுத்தறிவு சிலர்க்கே உரியதாக இருந்த காலத்தில் ஊர் தனக்குத் தானே ஆண்டுக்கு ஒருமுறை நடத்திக்கொண்ட பள்ளியாக அது விளங்கிற்று. பகலில் பாரதத்தைச் செவியால் கேட்டனர். இரவில் கண்ணால் கண்டனர். இறுதி நாளில் ஊரார் தாமே அதனுள் புகுந்து நடந்தனர். கேட்டல், காண்டல், செய்தல் என்னும் மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இக்கூத்தின் வரலாற்றையும் பயனையும் இம்மூன்றின் சேர்க்கையில் வைத்தே காணல் வேண்டும்.

வேனிலும் ஓய்வும்

சம்பா நெல் தை, மாசித் திங்கள்களில் களம் சேரும். அதன்பின் ஏரிகளில் நீர் வற்றும். நிலம் ஓய்வு கொள்ளும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கும் வரையில் உழவர்க்குக் கையில் சிறிது நெல்லும் பொழுதும் இருக்கும். பங்குனி தொடங்கி ஆடி வரையில் திரௌபதியம்மன் கோயில்களில் பாரத விழா நடைபெறுவது இக்காரணம் பற்றியே. மழையில்லாத இரவு, கூரையில்லாத களம், அறுவடை முடிந்த குதிர் ஆகிய மூன்றும் கூடும் பருவம் அது. கோடைக்குரிய இக்கலைக்குக் கொட்டகையும் வேண்டுவதில்லை. நுழைவுச் சீட்டும் வேண்டுவதில்லை.

கோடை விழாவில் நாடகம் நடிப்பது தமிழகத்திற்குப் புதிதன்று. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு ஒன்று, வைகாசிப் பெருவிழாவில் ‘இராசராசேச்சுவர நாடகம்’ ஆடுதற்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் அளந்ததைக் கூறுகின்றது. அது வேந்தன் அளந்த நெல். பாரதக் கூத்துக்கு நெல் அளந்தவர்கள் ஊரார். இவ்வேறுபாடு சிறிதன்று. வேந்தர் மறைந்தபின் வேந்தர் போற்றிய நாடகம் மறைந்தது. ஊரார் தம் வரியால் போற்றிய கூத்து, அரசுகள் பல மாறியும் நின்றது.

பாரதம் படித்த மரபு

ஊர்ப் பொதுவிடத்தில் பாரதம் படிப்பதும் மிகப் பழைய வழக்கமே. காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்னும் ஊரிற் கிடைத்த முதலாம் பரமேசுவரவர்மன் காலத்துச் செப்பேடு கி.பி. 7ஆம் நூற்றாண்டினது. அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென ஒரு பங்கு நிலவருவாய் ஒதுக்கப்பட்டதை அது தெரிவிக்கின்றது. மூன்றாம் நந்திவர்மன் காலத்தில், கி.பி. 9ஆம் நூற்றாண்டில், பெருந்தேவனார் பாரத வெண்பாவை இயற்றினார். அவர்க்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த வில்லிபுத்தூரார், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களால் பத்துப் பருவங்களைப் பாடினார். 18ஆம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அந்நூலை மேலும் விரித்தார்.

வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் தோன்றியவர். அவரைப் புரந்தவன் வக்கபாகை வரபதி ஆட்கொண்டான். திருமுனைப்பாடி நாடு என்பது நடுநாடே. பாரதக் கூத்து வேரூன்றிய மண்ணும் பாரதம் பாடிய புலவரின் மண்ணும் ஒன்றாயிருத்தல் கருதத்தக்கது. திரௌபதி வழிபாட்டை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல், 1988இலும் 1991இலும் வெளியிட்ட இரு தொகுதிகளில், செஞ்சி வட்டாரத்தையே அவ்வழிபாட்டின் நடுவிடமாகக் காட்டினார். அங்குள்ள மேலச்சேரிக் கோயிலை ஆதிக் கோயிலாகக் கொள்ளும் மரபையும் அவர் எடுத்துரைத்தார்.

பகற்பாடம்

விழாவிற்குக் கொடியேற்றிக் காப்புக் கட்டியபின், பிற்பகல்தோறும் கோயிலின் முன் பாரதப் பிரசங்கம் நடைபெறும். வில்லிபாரதச் செய்யுளை ஒருவர் இசையோடு படிப்பார். பிரசங்கியார் அதனைப் பிரித்துப் பொருள் கூறுவார். இடையிடையே குறளும் பழமொழியும் ஊர் நடப்பும் வந்து கலக்கும். பத்து நாள் முதல் இருபது நாள் வரை இது தொடர்வதுண்டு.

இதனாற் கிடைத்த பயனைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணர்வர். விருத்தப்பாவின் ஓசை, ஏட்டைத் தொட்டறியாத உழவர் செவியிலும் நிலைத்தது. பாட்டின் பொருள் முழுதும் விளங்காவிடினும், அதன் நடையும் முடிபும் பழகின. அன்று பிற்பகலிற் கேட்ட பகுதியே பெரும்பாலும் இரவில் கூத்தாக வரும். ஆதலின் கேட்போர் கருத்தூன்றிக் கேட்டனர். பாடத்தைக் கற்பித்து, அன்றைக்கே அதனைக் கண்முன் காட்டும் இம்முறை, கல்வி நூல்கள் வகுத்துக் கூறுமுன்னரே ஊர்ப்புறத்தார் கைக்கொண்ட முறையாகும்.

இரவுப்பாடம்

கூத்துக் குழுவிற்கு ‘ஜமா’ என்று பெயர். அதன் தலைவரை ‘வாத்தியார்’ என்பர். வெற்றிலை பாக்கு மாற்றி முன்பணம் கொடுத்தலே ஒப்பந்தம். இரவு உணவு முடிந்தபின், மத்தளமும் தாளமும் முகவீணையும் முழங்கக் களரி கட்டுவர். ஆர்மோனியம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. தீப்பந்தம் இருந்த இடத்திற்குப் பெட்ரோமாக்ஸ் விளக்கும், பின்னர் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் வந்தன. அம்மன் திருவுருவைக் களரி நோக்கி எழுந்தருளச் செய்வர். தெய்வமும் கூத்துக் காண அமர்ந்திருப்பதாக ஊரார் கருதுவர்.

ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடைய அரங்கைச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை கூறுகின்றது. தெருக்கூத்துக்கு அத்தகைய மேடை இல்லை. மண்தரையே களரி. இருவர் பிடிக்கும் ஒரு துணியே திரை. அத்திரைக்குப் பின்னின்று வேடதாரி பாடிக்கொண்டே காலைப் பெயர்க்கும் ஓசை முதலில் கேட்கும். பின்னர் முடி தெரியும். பின்னரே முகம் தெரியும். மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லும் வண்ணத் தாளும் ஒட்டிய முடியும் தோளணியும் மார்பணியும் ‘கட்டை’ எனப்படும். ‘கட்டைக்கூத்து’ என்னும் பெயர் இதனால் வந்தது.

திரை விலகியவுடன் கட்டியக்காரன் வந்து, “நீர் யார்? எந்த ஊர்?” என்று வினவுவான். துரியோதனனாயினும் கிருட்டிணனாயினும் அவனுக்கு விடை கூறியே ஆகவேண்டும். ஊரார் கேட்க எண்ணுவதை அவன் கேட்பான், பாட்டிற் சொன்னதைப் பேச்சில் எளிதாக்குவான், அரசனையும் எள்ளுவான், ஊர்ப் பெரியவர்களின் குறையையும் நகையோடு நகையாகச் சுட்டிவிடுவான். பகலில் சொல்ல முடியாத ஒன்றை இரவில் அவன் வாயிலாகக் கேட்டு, எல்லாரும் சேர்ந்து சிரித்தனர். ஊரின் மனக்கசப்பு இவ்வாறு ஓரளவு தணிந்தது.

வில் வளைப்பு, இராசசூய யாகம், துகிலுரிதல், அருச்சுனன் தபசு, கீசக வதம், கிருட்டிணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்பன பெருவழக்காக ஆடப்பெறுவன. இவற்றுள் அருச்சுனன் தபசில், களத்தின் நடுவே உயர்ந்த பனைமரக் கம்பத்தை நட்டிருப்பர். அருச்சுனனாக வேடம் பூண்டவர் பாடிக்கொண்டே அதன்மேல் ஏறி, உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் திருநீறும் வீசுவார். மகப்பேறு வேண்டும் பெண்டிர் நனைந்த ஆடையோடு கீழே நின்று மடியேந்துவர். இங்கே காண்போர் என்றும் ஆடுவோர் என்றும் இரு கூறு இல்லை.

துகிலுரிதல் ஆடும் இரவு இதனினும் கடுமையானது. துச்சாதனனாக வருபவர் திரௌபதியாக நிற்பவரின் சேலையைத் தொடுமுன், கற்பூரம் ஏற்றி வணங்கிப் பிழை பொறுக்குமாறு வேண்டிக்கொள்ளும் வழக்கம் உண்டு. திரௌபதி வேடம் பூண்டு நிற்பவரும் ஓர் ஆடவரே. ஆயினும் அந்நேரத்தில் அவரை யாரும் நடிகராக எண்ணுவதில்லை. அவைநடுவே ஒரு பெண்ணுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பெரியோர் பலர் கண்டும் வாளா இருந்தனர் என்பதே அவ்விரவின் பாடம். அவள் கூந்தலை விரித்துச் சூள் உரைக்கின்றாள். கூத்து விடியலில் முடிகின்றது, சூள் முடியவில்லை.

படுகளம்

அந்தச் சூள் நிறைவேறுவதற்கு ஊரார் பல நாள் காத்திருப்பர். இறுதி நாட் காலையில் ஊர்ப் பொதுவிடத்தில் துரியோதனனின் பேருருவம் மண்ணால் செய்து கிடத்தப்பட்டிருக்கும். இரவு முழுதும் பதினெட்டாம் போர் ஆடிய வீமனும் துரியோதனனும் பகல் வெளிச்சத்தில் அவ்வுருவைச் சுற்றி ஓடிப் பொருவர். உருவத்தின் தொடையில் புதைத்த செந்நீரை வீமன் உடைப்பான். திரௌபதியின் கூந்தல் முடிக்கப்படும். சில ஊர்களில் அவ்வுருவின் மண்ணை எடுத்துச் சென்று, விளைச்சல் பெருகுமென்று வீட்டில் வைப்பதும் உண்டு. மாலையில் காப்புக் கட்டியவர்கள் தீ மிதிப்பர். பின்னர்த் தருமர் முடிசூட்டோடு விழா நிறைவுறும்.

கூந்தல் விரிந்த இரவுக்கும் அது முடிந்த பகலுக்கும் இடைப்பட்ட அந்நாள்களே இக்கூத்தின் உயிர். அந்நாள்களில் ஊரார் வீட்டிலும் கிணற்றடியிலும் பாரதத்தையே பேசினர். தருமன் சூதாடியது முறையா, கர்ணன் நன்றி மறவாமை அறமா, வீடுமர் வாய் திறவாதிருந்தது தகுமா என்று வழக்காடினர். நீதி உடனே கிட்டாது; ஆயினும் கேட்டவள் மறவாள் என்பதை, காத்திருந்தே கற்றனர். இரண்டு மணி நேரத்தில் தொடங்கி முடியும் நிகழ்ச்சி எதுவும் இக்காத்திருத்தலைக் கற்பிக்க இயலாது.

ஊர் ஏற்ற பொறுப்பு

விழாவிற்கு வீட்டு வரி பிரிப்பர். பணம் இல்லாதவர் நெல் அளப்பர். அதுவும் இயலாதவர் உழைப்பை அளிப்பர். தபசு மரம் கொணர்தல், மண்ணுருச் செய்தல், தீக்குழி வெட்டுதல், பந்தம் பிடித்தல், கூத்தர்க்கு உணவளித்தல் எனப் பணிகள் குடிகளிடையே பங்கிடப்பட்டன. மணம் முடித்து அயலூர் சென்ற மகளிர் அந்நாள்களில் பிறந்தகம் வருவர். பங்காளிகள் பகை மறந்து வரி கொடுத்தாலன்றிக் கொடியேறுதல் அரிதாதலின், ஊர் வழக்குகள் பல விழாவிற்கு முன்னரே தீர்த்துக்கொள்ளப்பட்டன.

இவ்வளவு கூறியபின் குறையையும் கூறுதல் கடமையாகும். இப்பள்ளியின் வாயில் எல்லார்க்கும் ஒரேவகையாகத் திறந்திருக்கவில்லை. யார் எங்கே அமர்வது, யாரிடம் வரி பெறுவது, யார் கோயிலுள் நுழைவது என்பனவற்றைப் பல ஊர்களில் சாதியே வரையறுத்தது. 2023ஆம் ஆண்டு சூன் திங்களில், விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி ஊரின் திரௌபதியம்மன் கோயில், ஆதிதிராவிட மக்கள் உள்ளே வருவது பற்றி எழுந்த பூசலால் பூட்டி முத்திரையிடப்பட்டது. பின்னர் அது நீதிமன்ற ஆணையின் பேரில் திறக்கப்பட்டது. அவையில் நீதி கேட்டவளின் கோயில் வாயிலிலேயே நீதி கேட்க நேர்ந்தது. பெண்டிர் நிலையும் இத்தகையதே. பெண்ணின் சூளை நடுவாகக் கொண்ட கூத்தில் பெண்டிர்க்கு நெடுங்காலம் வேடம் இல்லை. ஊரை ஒன்றுசேர்த்த பெருமையைக் கூத்துக்கு அளிக்கும்போது, ‘ஊர்’ என்னும் சொல்லால் யாரையெல்லாம் குறித்தனர் என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும்.

நகரமும் அச்சும் சட்டமும்

19ஆம் நூற்றாண்டில் நகரத்து மேடை வேறு வழியிற் சென்றது. பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் கட்டண முறையும் சென்னைக்கு வந்தன. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். படித்தவர்கள் அத்தகைய மேடையை நாடகம் என்றும், தெருவில் ஆடுவதைக் கூத்து என்றும் பிரித்தனர். ‘கூத்தடித்தல்’ என்பது வசைச்சொல்லாயிற்று. ஆனால் அதே காலத்தில் சென்னை அச்சகங்கள் கூத்து நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு ஊர்ப்புறங்களிற் பரப்பின. வாய்மொழியாக வந்தவை புத்தகமாயின.

1876இல் ஆங்கில ஆட்சி நாடக நிகழ்ச்சிச் சட்டம் இயற்றிற்று. அரசுக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்தல் அதன் நோக்கம். எனினும் சமய விழாக்களில் நடைபெறும் கூத்து வகைகளுக்கு அச்சட்டத்திலேயே விலக்கு அளிக்கப்பட்டது. கோயில் விழாவின் உறுப்பாக இருந்தமையால் பாரதக் கூத்து அவ்விலக்கின்கீழ் வந்தது.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அறிஞர் பார்வை மாறிற்று. 1977இல் ந. முத்துசாமி முதலானோர் சென்னையில் தோற்றுவித்த கூத்துப்பட்டறை, செய்யாற்றை அடுத்த புரிசையின் கண்ணப்பத் தம்பிரானோடு தொடர்பு கொண்டு, கூத்தை நவீன நாடகத்தார்க்கு அறிமுகப்படுத்திற்று. 1990இல் கூத்தர்கள் கூடிக் காஞ்சிபுரத்தில் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். 2002இல் அச்சங்கம் தொடங்கிய குருகுலம், சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்துக் கற்பித்தது. பெண்டிர் வேடம் கட்டும் வழி அங்கே திறந்தது. முன்னர்ச் சுட்டிய குறைகளுள் ஒன்றைக் கூத்தரே முன்வந்து நீக்கத் தொடங்கினர் என்பது மகிழத்தக்கது.

கடல் கடந்தபின்

ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தவர்கள் தம்மோடு திரௌபதியம்மனையும் கொணர்ந்தனர். சிங்கப்பூரில் 1827இல் நாராயண பிள்ளை தோற்றுவித்த சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்கும் சந்நிதி அமைந்தது. அங்கே ஐப்பசியில் தீமிதி நடைபெறுகின்றது. சிராங்கூன் சாலைச் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து அடியார்கள் ஊர்வலமாக வந்து தீ மிதிக்கின்றனர். அதற்கு முன் திரௌபதி திருமணம், அருச்சுனன் தவம், அரவான் களப்பலி, படுகளம் ஆகியவை சடங்குகளாக நிகழ்கின்றன. தீமிதியை மட்டும் காண்பவர்க்கு அது நேர்த்திக்கடனாகத் தோன்றும். முன்னிகழும் சடங்குகளை வரிசையாகக் காண்பவர்க்கு, அது பாரதக் கதையின் இறுதி ஏடு என்பது விளங்கும். இலங்கையில் உடப்பிலும் பாண்டிருப்பிலும் உள்ள திரௌபதியம்மன் கோயில்களும் இம்மரபினவே.

சடங்கு இவ்வளவு உறுதியாக வந்தும், பத்து இரவுத் தொடர்கூத்து அதே வலிமையோடு இங்கு வேரூன்றாமைக்குக் காரணம் பருவமே எனலாம். இந்நாடுகளில் வேனில் என்று தனிப் பருவம் இல்லை. அறுவடைக்குப்பின் வரும் ஓய்வும் இல்லை. பால்மரத்திற்கு விடுமுறை கிடையாது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டிய தொழிலாளி, விடியும்வரை கூத்துக் களரியில் அமர்ந்திருத்தல் எங்ஙனம்? தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஓரிரவு நாடகமே அவர்தம் வாழ்வுக்கு இயைந்தது. ஆகவே மூன்று பாடங்களுள் ‘செய்தல்’ கடல் கடந்தது, ‘காண்டல்’ குறுகிற்று, ‘கேட்டல்’ தமிழாசிரியர் கைக்கு வந்தது.

செய்யத்தக்கது

தாயகத்திலும் இப்போது ஓய்வுப் பருவம் சுருங்கி வருகின்றது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் கோடையிலும் பயிர் ஏறுகின்றது. இளைஞர் நகரத் தொழில்களுக்குச் செல்கின்றனர். விழா நாள்கள் குறைகின்றன. ஒரு காட்சியை மட்டும் பெயர்த்தெடுத்து, குளிரூட்டிய அரங்கில் ஒரு மணி நேரம் காட்டுதல் பெருகியுள்ளது. அதுவும் கூத்தர்க்கு ஊதியம் தருகின்றதாதலின் பழிக்கத்தக்கதன்று. ஆனால் அவ்வளவோடு கூத்தைக் காத்துவிட்டதாகக் கருதுதல் தவறு. செய்யுளினின்று காட்சியையும், காட்சியினின்று சடங்கையும் பிரித்தால், ஒவ்வொன்றும் தனித்தனியே மெலியும்.

இந்நாட்டுத் தமிழாசிரியர்க்கு இதில் ஒரு பங்கு உண்டு. வில்லிபாரதப் பகுதியொன்றைக் கற்பிக்குங்கால் அதனை முதலில் இசையோடு படித்துக் காட்டலாம். மறுநாள் மாணவர் இருவர் திரை பிடிக்க, ஒருவன் கட்டியக்காரனாக நின்று வினவ, அப்பகுதியை வகுப்பிலேயே ஆடச் செய்யலாம். அவையில் திரௌபதி எழுப்பிய வினாவிற்கு என்ன விடை என்று அவர்களையே வழக்காட விடலாம். இதற்கு மேடை வேண்டா. ஒரு போர்வையும் ஒரு மேசையும் போதும். தீமிதி காணச் செல்லும் குடும்பங்களுக்கும், அந்நெருப்பின் முன்கதையை முன்னதாக எடுத்துரைக்கலாம். பத்து இரவுகளை மீட்டுத் தருதல் நம்மால் இயலாது போயினும், பாரதம் கேட்டு, கண்டு, வினவிக் கற்கும் முறையை நம் பிள்ளைகளுக்குக் கையளித்தல் இயலும்.